கண்ணாடி இழைக் கோல்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இம்முறை எடுத்துக்கொண்ட கேள்விகள் அனைத்தும், ஃபைபர்கிளாஸ் ஃப்ளை கோலைத் தாமே கட்டிக்கொள்ளவோ, தம் கைக்கு ஏற்றவாறு ஒருவரிடம் கட்டுவித்துக்கொள்ளவோ விரும்பும் வாசகர்களிடமிருந்து வந்தவை. ஒரே பொருளைப் பலர் கேட்டிருந்த இடங்களில் அவற்றை ஒன்றாக்கியிருக்கிறேன். புதிதாக வாசிப்போருக்கு ஒரு விளக்கம்: ‘ஃப்ளை’ என்பது இறகு, மயிர், நூல் ஆகியவற்றைத் தூண்டில் முள்ளின்மேல் கட்டிச் செய்யும் போலிப் பூச்சி; ‘லைன்’ என்பது அந்தப் பூச்சியைச் சுமந்து செல்லும் தடித்த, மேற்பூச்சுப் பூசிய கயிறு; ‘பிளாங்க்’ என்பது கைப்பிடியும் வளையங்களும் பொருத்தப்படாத வெறும் கோல்.

கேள்வி: கார்பன் கோல்கள் எடை குறைந்தவை, தொலைவாக வீசக்கூடியவை என்று எல்லாரும் சொல்கிறார்கள். அப்படியிருக்க, பல பத்தாண்டுகளுக்கு முன்பே சந்தையில் பின்தள்ளப்பட்ட ஃபைபர்கிளாஸைத் தேடிப்பிடித்துக் கட்டுவது பழம்பொருள் மோகம் அல்லாமல் வேறென்ன?

பதில்: மோகமும் கொஞ்சம் இருக்கத்தான் செய்கிறது, அதை நான் மறுக்கப் போவதில்லை. ஆனால் அது மட்டுமே காரணமாக இருந்திருந்தால், கார்பன் கோல்களை வைத்திருப்பவர்களே இரண்டாவது கோலாக இதைக் கட்டிக்கொள்ள மாட்டார்கள்.

மற்றத் தூண்டில்களில் ஈயக்குண்டோ இரையோ முன்னால் பறந்து, மெல்லிய நரம்பைத் தன் பின்னால் இழுத்துச் செல்கிறது. ஃப்ளை தூண்டிலில் பூச்சிக்கு எடையே இல்லை என்று சொல்லிவிடலாம், பறப்பது லைன்தான். அசையும் லைனின் எடை கோலை வளைக்கிறது, வளைந்த கோல் நிமிரும்போது அந்த விசை லைனுக்குத் திரும்புகிறது. ஆகவே எவ்வளவு எடைக்கு இந்தக் கோல் வளையும் என்பதுதான் முதற்கேள்வி, மற்றவையெல்லாம் அதற்குப் பின்னால் வருபவை.

கோல்களில் பரவலாகப் பயன்படும் ஈ-கிளாஸ் என்ற கண்ணாடி இழையின் யங் குணகம், அதாவது விறைப்பின் அளவு, ஏறத்தாழ 72 கிகாபாஸ்கல். அதைவிட உறுதியான எஸ்-கிளாஸுக்கு அது 85-ஐத் தாண்டுகிறது. சாதாரணக் கார்பன் இழைக்கோ 230 அளவில் இருக்கிறது. அதாவது, ஒரே கனத்தில் ஒப்பிட்டால் கார்பன் இழை மும்மடங்கு விறைப்பானது. அடர்த்தியிலும் கண்ணாடி இழையே கனமானது: கார்பனுக்கு நீரைப்போல் 1.8 மடங்கு, கண்ணாடிக்கு 2.5 மடங்கு. இந்த இரண்டு எண்களை மட்டும் பார்த்தால் கண்ணாடி தோற்றுவிட்டது என்றே தோன்றும். மூன்றாவது எண் ஒன்று உண்டு. முறியும்முன் கார்பன் இழை ஏறத்தாழ 1.5 முதல் 2 விழுக்காடுதான் நீளும்; கண்ணாடி இழை 4 விழுக்காட்டுக்கும் மேல் நீளும். ஆழமாக வளைவதற்கும், வளைந்த பின் முறியாமல் இருப்பதற்கும் அந்த நீட்சியே காரணம்.

இதைச் சிற்றோடையில் வைத்துப் பாருங்கள். மீன் 20 அடித் தொலைவில் இருக்கிறது. கோல் நுனிக்கு வெளியே லைன் பத்துப் பன்னிரண்டு அடிதான். அந்தச் சொற்ப எடைக்கு விறைப்பான கோல் வளைவதே இல்லை, வீசுபவர் தம் தோளால் தள்ள வேண்டியிருக்கிறது. கண்ணாடிக் கோல் அந்த எடைக்கே வளைந்து, வேலையைத் தன்னிடம் எடுத்துக்கொள்கிறது. இதே கோலை அகன்ற ஆற்றுக்கு எடுத்துச் சென்று, எதிர்காற்றில் 70 அடி வீச முயன்றால் வருந்துவீர்கள். ஆறரை அடி முதல் எட்டு அடி வரை நீளம், எடையைக் குறிக்கும் எண் 3 முதல் 5 வரையிலான லைன்: இந்த எல்லைக்குள் கண்ணாடியை நான் தயங்காமல் சொல்வேன். ஒன்பது அடியில் அதன் நுனிக் கனம் மணிக்கட்டை அரை நாளில் சோர்வடையச் செய்துவிடும்.

கேள்வி: கண்ணாடி இழையில் கோல் செய்யும் எண்ணம் முதலில் யாருக்குத் தோன்றியது?

பதில்: பெரும்பாலும் ஆர்தர் ஹோவால்ட் என்பவரின் பெயரைச் சொல்வார்கள். அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தின் டொலிடோ நகரில், பிசின் வகைகளைத் தயாரித்த பிளாஸ்கான் நிறுவனத்தில் பணியாற்றியவர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தம் மூங்கில் கோலின் நுனி முறிந்துபோக, மாற்று கிடைக்காத நிலையில், தமக்குப் பழக்கமான இழையையும் பிசினையும் கொண்டு ஒரு நுனியைச் செய்துகொண்டார் என்பது அடிக்கடி சொல்லப்படும் வரலாறு. அவருடைய முறையை மிச்சிகனின் கலமசூ நகரில் இருந்த ஷேக்ஸ்பியர் நிறுவனம் ஏற்று, போர் முடிந்ததும் ‘வொண்டர்ராட்’ என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது.

அதற்குத் துணை செய்தது ஓர் அரசியல் நிகழ்ச்சி. நல்ல மூங்கில் கோல்களுக்குரிய டோன்கின் மூங்கில் தெற்குச் சீனாவிலிருந்து வந்துகொண்டிருந்தது. கொரியப் போரை ஒட்டி 1950 இறுதியில் அமெரிக்கா சீனாவுடனான வணிகத்தைத் தடைசெய்தபோது அந்த வரத்து நின்றது. அடுத்த இருபது ஆண்டுகளுக்கு மேல் கண்ணாடி இழையின் காலம் நடந்தது. 1970-களின் முற்பகுதியில் ஃபென்விக் நிறுவனம் கார்பன் கோல்களை விற்கத் தொடங்கிய பின் அது விரைவில் சரிந்தது. இதில் நான் கவனிக்கச் சொல்வது ஒன்று: கண்ணாடிக் கோலின் வடிவமைப்பு நன்கு முதிர்ந்துவந்த வேளையில்தான் அது கைவிடப்பட்டது. இன்றைய மெல்லிய சுவர் பிளாங்குகள் விட்ட இடத்திலிருந்து தொடர்பவை. ஆகவே வீட்டுப் பரணில் கிடக்கும் கனத்த பழங்கோலை ஒருமுறை ஆட்டிப் பார்த்துவிட்டு, கண்ணாடி என்றாலே இதுதான் என்று முடிவு செய்வது நியாயமாகாது.

கேள்வி: என் பிளாங்கில் 4 என்று குறித்திருக்கிறது. நண்பர் ஒருவர் 5-ஆம் எண் லைன்தான் அதற்குப் பொருந்தும் என்று உறுதியாகச் சொல்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: இருவருமே சரியாக இருக்கலாம். லைனின் எண், அதன் முதல் 30 அடியின் எடையைக் குறிக்கிறது. 4-ஆம் எண்ணுக்கு 120 கிரெயின், அதாவது 7.8 கிராம், 5-ஆம் எண்ணுக்கு 140 கிரெயின், 9.1 கிராம், 6-ஆம் எண்ணுக்கு 160 கிரெயின், 10.4 கிராம். லைனுக்கு இவ்வாறு எடையால் அமைந்த தரம் உண்டு. கோலுக்கோ அப்படிப்பட்ட தரம் எதுவும் இல்லை. பிளாங்கின்மேல் எழுதப்பட்ட 4 என்பது அதைச் செய்தவரின் கை சொன்ன கருத்து.

இப்போது அந்த 30 அடி என்ற சொல்லைக் கவனியுங்கள். நீங்கள் எப்போதும் 15 அடி லைனை மட்டுமே வெளியில் விட்டு மீன்பிடிக்கிறீர்கள் என்றால், கோலை வளைப்பது 7.8 கிராமில் பாதிகூட அன்று. ஏனெனில் லைனின் முன்பகுதி சரிந்து மெலிந்தது. அத்தகைய நீர்நிலையில் 5-ஆம் எண் லைன் அதே கோலில் அழகாக வீசும். அகன்ற குளத்தில் 40 அடி வெளியில் விடுபவருக்கு 5-ஆம் எண் கோலைச் சோர்ந்து தொங்கச் செய்யும். அவருக்கு 4, சில வேளைகளில் 3-ஏகூட நன்று. போதாததற்கு, இன்று விற்கப்படும் லைன்களில் சில அச்சிடப்பட்ட எண்ணைவிட அரை எண், ஓர் எண் கனமாகவே செய்யப்படுகின்றன. ஆதலால் நண்பரோடு வாதிடுமுன், துல்லியமான சிறு தராசில் உங்கள் லைனின் முதல் 30 அடியை நிறுத்துப் பாருங்கள். பல வழக்குகள் அங்கேயே தீர்ந்துவிடும்.

பிளாங்கின் வலிமையை வீட்டிலேயே ஒப்பிட ஓர் எளிய வழி உண்டு. கைப்பிடிப் பகுதியைக் கிடைமட்டமாக மேசையில் இறுக்கி, நுனியில் சிறு பையைத் தொங்கவிட்டு, கோலின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு நுனி தாழும்வரை ஒரே வகைச் சிறு நாணயங்களை ஒவ்வொன்றாகப் பையில் போடுங்கள். பில் ஹானமன் என்பவர் ஒரு சென்ட் நாணயங்களைக் கொண்டு வகுத்த அளவீட்டு முறையின் கரு இதுதான். உங்களுக்குப் பிடித்த ஒரு கோலுக்கு எத்தனை நாணயம் என்று தெரிந்துவிட்டால், புதிய பிளாங்கை அதனோடு வைத்துப் பார்க்கலாம். எண்ணின் துல்லியத்தைவிட ஒப்பீடே இங்கு பயன் தருவது.

கேள்வி: பிளாங்கின் ‘முதுகு’ எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்து, அதன் நேர்கோட்டில்தான் வளையங்களைக் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் வீசும்போது கோல் முறுக்கிக்கொள்ளும் என்று படித்தேன். கண்டுபிடித்தும் விட்டேன், ஆனால் அந்தக் கோட்டில் வைத்தால் கோல் ஒரு பக்கம் சாய்ந்து தெரிகிறது. என்ன செய்வது?

பதில்: முதுகை விட்டுவிட்டு, நேராகத் தெரியும் பக்கத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

காரணம் சொல்கிறேன். பிசினில் ஊறிய கண்ணாடி இழைத் துணியை வேண்டிய வடிவில் வெட்டி, சரிந்து மெலியும் எஃகுக் கம்பியின்மேல் இறுக்கமாகச் சுருட்டி, மேலே நாடா சுற்றி, அடுப்பில் வேகவைத்து, பின் கம்பியை உருவி எடுக்கிறார்கள். துணி தொடங்கும் இடமும் முடியும் இடமும் சுவரின் கனத்தில் சிறு வேறுபாட்டை உண்டாக்குகின்றன. அதுவே முதுகு. கோலின் அடியைத் தரையில் ஊன்றி, நுனியை ஒரு கையால் தாங்கி, நடுவை மற்றக் கையால் அழுத்தி உருட்டினால், ஏதோ ஓரிடத்தில் கோல் தானாகத் துள்ளித் திரும்பி நிற்பதை உணரலாம். ஆக, முதுகு என்பது பொய்யன்று. கோல் முறுக்கிக்கொள்வதற்கு அதுவே காரணம் என்பதைத்தான் நான் ஏற்பதில்லை. வளையங்கள் கோலுக்கு மேலே இருந்தால், இழுவை அவற்றைக் கீழே புரட்டப் பார்க்கிறது. கீழே இருந்தால் அவை இருந்த இடத்திலேயே நிற்கின்றன. ஃப்ளை கோலில் வளையங்கள் கீழே தொங்குபவை என்பதால் அந்தத் தொல்லை இங்கு அனேகமாக இல்லை. மாறாக, இயல்பான சிறு வளைவு பக்கவாட்டில் அமைந்துவிட்டால், ஒவ்வொரு முறை கோலை நோக்கும்போதும் அது கண்ணை உறுத்தும். வளைவை மேல்நோக்கியோ கீழ்நோக்கியோ திருப்பிக்கொண்டால் பின்னாலிருந்து பார்க்கையில் கோல் நேராக இருக்கும். கட்டும் கலையில் முதுகைப் பற்றி நடக்கும் விவாதம், அதன் பயனுக்குப் பல மடங்கு நீண்டுவிட்டது.

கேள்வி: ஏழரை அடிக் கோலுக்கு எத்தனை வளையங்கள் வேண்டும், எந்த இடைவெளியில்? வளையங்களைக் கோலோடு பிணைக்கும் நூல் சுற்றுக்கு மேல் எத்தனை முறை எப்பாக்சிப் பிசின் பூச வேண்டும்?

பதில்: கோலின் நீளம் எத்தனை அடியோ, அதனோடு ஒன்றைக் கூட்டிக்கொள்வது பழைய கணக்கு. ஏழரை அடிக்கு நுனி வளையம் நீங்கலாக எட்டு வைத்துத் தொடங்குங்கள். கைப்பிடிக்கு அடுத்துள்ள பெரிய வளையம், கோலின் அடியிலிருந்து 70 முதல் 75 சென்டிமீட்டர் தொலைவில், உங்கள் இடக்கை இயல்பாக எட்டி லைனைப் பற்றக்கூடிய இடத்தில் அமையட்டும். மற்றவை நுனியை நெருங்க நெருங்க இடைவெளி குறைந்துகொண்டே போகும்.

பிறருடைய இடைவெளிப் பட்டியலை அப்படியே எடுத்துக்கொள்வதில் ஒரு சிக்கல் உண்டு. அவற்றில் பல, நுனிப்பகுதி மட்டும் வளையும் விறைப்பான கோல்களுக்காகக் கணக்கிடப்பட்டவை. கண்ணாடிக் கோல் இடைப்பகுதியைக் கடந்து கைப்பிடி வரை வளையக்கூடியது. எனவே வளையங்களை முதலில் மெல்லிய ஒட்டு நாடாவால் தற்காலிகமாக ஒட்டுங்கள். லைனைக் கோத்து, அதன் முனையை ஓர் எடையில் கட்டி, மீன் இழுப்பதுபோல் கோலை நன்றாக வளையுங்கள். கோலின் வளைவை லைன் மென்மையாகப் பின்தொடர வேண்டும். இரு வளையங்களுக்கிடையே லைன் வில்லின் நாண்போல் குறுக்கே வெட்டிச் சென்றால், அங்கே இடைவெளி மிகுதி. ஒரு வளையத்தை ஒரு சென்டிமீட்டர் நகர்த்தினாலே நிலைமை மாறுவதைக் காண்பீர்கள். நாடா ஒட்டிய அந்த நிலையிலேயே புல்வெளியில் சில மணி நேரம் வீசிப் பார்த்துவிடுங்கள். நூல் சுற்றிய பின் மாற்றுவது இருமடங்கு வேலை.

நூலைப் பொறுத்தவரை, கண்ணாடிக் கோலுக்கென்றே ஓர் அழகு உண்டு. ஒளி ஊடுருவும் தேன்நிறப் பிளாங்கின்மேல் மெல்லிய பட்டு நூலைச் சுற்றி, நிறங்காக்கும் பூச்சு எதுவும் இடாமல் நேரடியாக வார்னிஷ் பூசினால், நூல் கண்ணாடிபோல் தெளிந்துவிடும். வளையத்தின் உலோகக் கால் உள்ளே தெரியும். நிறம் அப்படியே நிற்க வேண்டும் என்பவர்கள் நிறங்காப்புப் பூச்சு இட்ட பின் மேற்பூச்சுக்குச் செல்லலாம். எந்த நிறம் எப்படி மாறும் என்பதை ஒரு துண்டுக் கோலில் சுற்றிப் பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள். வெண்பட்டு முழுவதும் மறைந்துபோய்விடுவதைப் பார்த்துத் திகைத்தவர்களில் நானும் ஒருவன்.

அடுத்தது எப்பாக்சி. நான் கட்டிய முதல் கோலில், சுற்றுகள் பளபளக்க வேண்டும் என்ற ஆசையில் ஒவ்வொன்றுக்கும் மூன்று தடித்த பூச்சு கொடுத்தேன். பார்ப்பதற்கு மணி கோத்ததுபோல் இருந்தது. வீசியபோது, நாடா ஒட்டிய நிலையில் துடிப்பாக நின்ற அதே பிளாங்க், நனைந்த கயிறுபோல் நுனியில் அசைந்துகொண்டே இருந்தது. நுனிப்பகுதியில் சேரும் ஒவ்வொரு துளி எடையும் கோல் நிமிர்ந்து அமைதியடையும் நேரத்தைக் கூட்டுகிறது. ஏற்கெனவே மெதுவாக நிமிரும் கண்ணாடியில் இது இன்னும் நன்றாகத் தெரியும். அந்தக் கோலின் மேல்துண்டைச் சுரண்டி மறுபடி கட்ட எனக்கு இரண்டு வாரம் பிடித்தது. ஆகவே நூலின் இழைகள் மூழ்கும் அளவுக்கு மெல்லிய ஒரு பூச்சு, தேவைப்பட்டால் இன்னொன்று, அவ்வளவே. நுனியை நோக்கியுள்ள வளையங்களுக்குச் சிறியதும் எடை குறைந்ததுமான வகையையே தேர்ந்தெடுங்கள். சுற்றின் நீளத்தையும் குறையுங்கள். பூசிய பின் எப்பாக்சி ஒரு பக்கமாக வடியாதிருக்க, கோலை மெதுவாகச் சுழலும் மோட்டாரிலோ, கால் மணிக்கொருமுறை கையால் திருப்பியோ உலரவிட வேண்டும்.

சுற்றுகளில் ஒன்றில் மட்டும் சிக்கனம் கூடாது. இரு துண்டுகள் சேரும் இடத்தில், உள்ளே வாங்கும் பகுதியின் விளிம்பு நெடுக நூல் சுற்றியே ஆக வேண்டும். அங்கே சுவரைப் பிளக்கும் விசையைத் தாங்குவது அந்தச் சுற்றுதான்.

கேள்வி: புதிதாக வாங்கிய பிளாங்கின் இரு துண்டுகளையும் சேர்த்தால் இடையில் இடைவெளி தெரிகிறது. குறைபாடா?

பதில்: மேல்துண்டுக்குள் நுழையும் ஆணிபோன்ற இணைப்பு, அதாவது ஸ்பிகாட் வகை எனில், அரை சென்டிமீட்டர் முதல் ஒரு சென்டிமீட்டர் வரை இடைவெளி இருப்பதே முறை. பயன்பாட்டில் தேய்ந்து அது குறைந்துகொண்டே வரும்; முற்றிலும் மூடிக்கொண்ட நாளில்தான் கவலைப்பட வேண்டும். ஆணிமேல் மெழுகுவத்தியை இலேசாகத் தேய்த்துக்கொள்வது தேய்மானத்தைத் தாமதப்படுத்தும்.

கேள்வி: கைப்பிடி எந்த வடிவில் இருக்க வேண்டும்?

பதில்: உங்கள் கை எந்த வடிவில் இருக்கிறதோ, அந்த வடிவில். கார்க் வளையங்கள் பெரும்பாலும் 12.7 மில்லிமீட்டர் தடிமனில் வருகின்றன. பதினொன்று பன்னிரண்டை ஒட்டி, உப்புத்தாளால் தேய்த்து உருவாக்கலாம். சிறு கோலுக்கு இரு முனையும் மெலிந்த சுருட்டு வடிவம் போதும். கட்டைவிரல் படும் இடத்தை மட்டும் கடைசி வரை தடித்ததாக வைத்துக்கொண்டு, பிடித்துப் பிடித்துப் பார்த்துக் குறையுங்கள். தேய்த்ததைத் திரும்பச் சேர்க்க முடியாது.

கேள்வி: பத்தாண்டுகளாகக் கார்பன் கோலில் வீசிப் பழகியவன் நான். ஆசையோடு கட்டிக்கொண்ட கண்ணாடிக் கோலில், லைன் தன்மேல் தானே விழுந்து முடிச்சிட்டுக்கொள்கிறது. கோலில் பிழையா, என் கையில் பிழையா?

பதில்: பிழை என்ற சொல் கடுமையானது, உங்கள் கை வேறொரு தாளத்தில் பழகியிருக்கிறது.

கோலின் நுனி நேர்கோட்டில் பயணம் செய்தால், லைன் ஒடுங்கிய வளைவாக விரிந்து செல்லும். வீச்சின் தொடக்கத்திலேயே திடீரென விசை கொடுத்தால், மென்மையான கோல் சட்டென்று ஆழமாக வளைந்து, நுனி அந்த நேர்கோட்டுக்குக் கீழே இறங்கி மீண்டும் ஏறுகிறது. நுனி எந்தப் பாதையில் போகிறதோ அதே பாதையில்தான் லைனும் போகும். ஆகவே வளைவின் மேல்பக்கம் தாழ்ந்து கீழ்ப்பக்கத்தை வெட்டுகிறது, பூச்சி லைனில் மாட்டிக்கொள்கிறது. விறைப்பான கோல் இந்தத் திடீர் விசையை மன்னித்துவிடும். கண்ணாடிக் கோல் மன்னிப்பதில்லை.

திருத்தம் மூன்று இடங்களில் இருக்கிறது. முதலாவது, விசையைப் படிப்படியாகக் கூட்டுங்கள். வீச்சின் முடிவில்தான் கை மிக விரைவாக அசைய வேண்டும், அங்கேயே சட்டென்று நிற்கவும் வேண்டும். நிறுத்தாமல் குழைந்துவிட்டால் கோல் தன்னிடம் சேர்த்துவைத்ததை லைனுக்குக் கொடுக்காமலே வீணாக்கிவிடும். இரண்டாவது, கோல் மிகுதியாக வளைவதால் கையின் வீச்சுக் கோணமும் சற்று அகல வேண்டும். விறைப்பான கோலுக்குப் போதுமான குறுகிய கோணத்தையே இங்கும் பயன்படுத்தினால், நுனி மறுபடி குழிந்த பாதையில்தான் செல்லும். மூன்றாவது, பின்வீச்சில் காத்திருங்கள். லைன் பின்னால் முழுவதும் நீளாமல் முன்னே இழுத்தால், கோலை வளைப்பதற்கு எடையே இருக்காது. எவ்வளவு நேரம் காத்திருப்பது என்று கடிகாரத்தைக் கேட்க முடியாது. தொடக்கத்தில் தலையைத் திருப்பி லைனைப் பாருங்கள். சில நாட்களில் லைன் நீண்டதும் கைப்பிடியில் ஒரு மெல்லிய இழுப்பு தெரியத் தொடங்கும். கண்ணாடிக் கோலின் நற்குணங்களில் முதன்மையானது அந்தச் செய்தியைத் தெளிவாகக் கைக்குச் சொல்வதே.

பின்னால் மரக்கிளைகள் உள்ள இடங்களில், லைனை நீர்மேல் மெல்லப் பின்னிழுத்து, தோளருகே தொங்கவிட்டு, முன்னோக்கி உருட்டும் வீச்சைப் பழகுங்கள். ஆழமாக வளையும் கோல் அதற்கு மிகவும் ஏற்றது. பலர் இதற்காகவே இருமுனையும் ஒன்றுபோல் சரியும் லைனை விரும்புகிறார்கள்.

கேள்வி: இவ்வளவு வளையும் கோலில் பெரிய மீன் மாட்டினால் முறிந்துவிடாதா?

பதில்: மீன் முறிப்பதைவிட மனிதர் முறிப்பதே மிகுதி. கார் கதவு, கூரை மின்விசிறி, காலடி ஆகியவற்றிற்கு அடுத்தபடியாக, மீனைக் கைக்கு எடுக்கும் நேரத்தில் கோலைச் செங்குத்துக்கு அப்பால் தலைக்குப் பின்னே சாய்ப்பதுதான் பெருங்காரணம். அப்போது முழு வளைவும் மெலிந்த நுனியில் வந்து குவிகிறது. கோலைத் தாழ்த்தி, பக்கவாட்டில் இழுத்து, தடித்த அடிப்பகுதியை வேலை செய்ய விடுங்கள்.

உண்மையில் மெல்லிய நரம்புக்கு இந்தக் கோல் பாதுகாப்பு. பூச்சியைக் கட்டும் மெல்லிய கடைசி நரம்பான டிப்பெட்டில் 6எக்ஸ் என்ற அளவு 0.127 மில்லிமீட்டர் விட்டம் மட்டுமே. மீன் திடீரெனப் பாயும்போது விறைப்பான நுனி அதை அறுத்துவிடக்கூடும். கண்ணாடி நுனி விட்டுக்கொடுத்து அதிர்ச்சியை விழுங்கிக்கொள்ளும். ஆனால் இதில் ஒரு பொறுப்பும் உண்டு. வளைவின் இன்பத்துக்காக மீனை நெடுநேரம் விளையாட விடுவது சரியன்று. திரும்ப விடப்போகும் மீன் களைத்துவிட்டால், நீந்திப்போவதுபோல் தெரிந்தாலும் பிறகு இறந்துபோகலாம். டிரவுட் போன்ற குளிர்நீர் மீன்களுக்கு நீரின் வெப்பம் 20 டிகிரி செல்சியசை நெருங்கும்போது இந்த ஆபத்து கூடுகிறது, ஏனெனில் நீரில் கரைந்த ஆக்சிஜன் குறைகிறது. அத்தகைய நாளில் கோலைச் சுருட்டி வைத்துவிடுவது நல்லது. மற்ற நாட்களில், முள்ளின் எதிர்க்கூரை இடுக்கியால் நசுக்கிவிட்டால் மீனை நீரிலிருந்து எடுக்காமலே விடுவிக்கலாம்.

கேள்வி: கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாது அல்லவா? இடி மின்னலின்போது இதைப் பயன்படுத்தலாமா?

பதில்: கூடாது. கோல் நனைந்திருக்கிறது, லைன் நனைந்திருக்கிறது, நீங்கள் நீரில் நிற்கிறீர்கள்.

கேள்வி: உறவினர் ஒருவரின் பழைய கண்ணாடிக் கோல் கிடைத்திருக்கிறது. நூல்கள் பிரிந்து, வளையங்கள் துருப்பிடித்துள்ளன. புதுப்பிக்கும் அளவுக்குத் தகுதியானதா?

பதில்: முதலில் ஒரு பஞ்சுத் துணுக்கால் கோலை முழுவதும் துடையுங்கள். இழை வெளியே வந்திருக்கும் இடத்தில் பஞ்சு மாட்டிக்கொள்ளும். அடுத்து மெதுவாக வளைத்து, இணைப்பின் அருகே வெண்மையான கீற்றோ நொறுங்கும் ஒலியோ உண்டா என்று கவனியுங்கள். இரண்டும் இல்லையெனில் தாராளமாகப் புதுப்பிக்கலாம். பழைய நூலை வளையத்தின் உலோகக் காலின் மேலே மட்டும் கீறுங்கள். கத்தி கோலில் பட்டால் அந்தக் கீறலில்தான் பின்னாளில் முறியும். எஞ்சிய வார்னிஷை மழுங்கிய விளிம்பால் சுரண்டுங்கள். வலிய கரைப்பான்கள் கோலின் மேற்பூச்சையே கெடுத்துவிடக்கூடும். கண்ணாடி இழையைத் தேய்க்கும்போதோ அறுக்கும்போதோ முகமூடி அணிவதும், தூசி பறக்காதவாறு ஈரமாகத் தேய்ப்பதும் கட்டாயம். அந்தத் தூசி தோலில் பட்டால் அரிப்பு. நுரையீரலுக்குள் போகவே கூடாது.

வைத்திருக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன்: ஈரத்துணிப் பையோடு கோலைக் குழாயில் இட்டு மூடினால் பூச்சு கொப்புளிக்கும். ஓர் இரவு வெளியில் உலரவிட்ட பிறகே மூட வேண்டும்.

கேள்வி: கட்டி முடித்த கோலின்மேல் என்னென்ன எழுத வேண்டும்? எப்போது எழுதுவது?

பதில்: கைப்பிடிக்குச் சற்று மேலே, நீளம், லைன் எண், கட்டிய ஆண்டு, உங்கள் பெயர் அல்லது முதலெழுத்து. இவை போதும். மேற்பூச்சில் கரைந்து ஓடாத மையா என்பதை ஒரு துண்டுக் கோலில் எழுதிப் பூசிப் பார்த்துக்கொள்ளுங்கள். எழுதியதை ஒரு நாள் உலரவிட்டு, அதன்மேல் மெல்லிய ஒரு பூச்சு கொடுங்கள். லைன் எண்ணை மட்டும் பிளாங்கோடு வந்த அட்டையைப் பார்த்து எழுதிவிடாதீர்கள். வளையங்கள், பூச்சு எல்லாம் சேர்ந்த பின் கோல் சற்று மென்மையாகியிருக்கும். நீங்கள் வழக்கமாக மீன்பிடிக்கும் தொலைவில், இரண்டு மூன்று எண் லைன்களை மாற்றி மாற்றி ஒரு மாலைப்பொழுது முழுவதும் வீசுங்கள். கையில் அந்த மெல்லிய இழுப்பு எந்த லைனில் மிகத் தெளிவாகத் தெரிகிறதோ, அந்த எண்ணை எழுதுங்கள்.